கேள்வி நேரம்

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மட்டும் எதுவும் கேட்டு என் மானத்தை வாங்கிடாதீங்க."

பேராசிரியர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"சரி தம்பி. வாயே திறக்கல" என்று கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

பேராசிரியரைச் சொல்லியும் குற்றமில்லை. பல்கலைக்கழகத்தில் மாதாமாதம் நடக்கும் பொதுச் சொற்பொழிவுக்கு ஏற்பாடெல்லாம் அவர் தலையில்தான். பேச்சாளரைப் பிடிப்பதிலிருந்து மைக் கரகரத்தால் ஓடுவது வரை. 'யாரும் வரலாம்' என்று வாசலில் போர்டு வைத்தார். பக்கத்துத் தெருவிலிருந்து இந்த அம்மாள் ஒரு கூட்டம் விடாமல் வர ஆரம்பித்தார்.

வந்தவர் சும்மா இருப்பாரா? கேள்வி நேரம் என்று அறிவித்து முடிப்பதற்குள் கை மேலே போய்விடும்.

விண்வெளி விஞ்ஞானியிடம், "நிலாவுக்குப் போறவங்க துவைச்ச துணியை எங்கே காயப்போடுவாங்க?" என்றார்.

பாலம் கட்டும் பொறியாளரிடம், "நீங்க தூணை நட்டு முடிக்கிற வரைக்கும் ஆத்தை எங்கே நிக்க வைப்பீங்க?"

அரங்கமே கொல்லென்று சிரிக்கும். அழைத்து வந்த பேராசிரியருக்குத்தான் தலைகுனிவு.

இன்றைக்கு அவரே பேசுகிறார். இத்தனை வருஷம் ஊரார் பேச மைக் பிடித்தவருக்கு இப்போதுதான் மேடை கிடைத்திருக்கிறது. துணைவேந்தர் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கரையான்களைப் பற்றிய ஆராய்ச்சி. வாழ்க்கையில் பாதியை அதற்கே கொடுத்திருந்தார். தடங்கல் இல்லாமல் பேசி முடித்தார். கை தட்டினார்கள்.

"இப்ப கேள்வி நேரம்."

ஒரு கைகூட எழவில்லை.

யாரோ இருமினார்கள். மாணவர்கள் போனைப் பார்த்தார்கள். துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எதுவா இருந்தாலும் கேக்கலாம்... சின்ன சந்தேகமா இருந்தாலும்..." குரல் பிசிறியது.

ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லையா? அவ்வளவுதானா என் உழைப்பு?

அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாள் கேட்டுச் சிரிப்பு அடங்கும் முன்பே எத்தனை கைகள் எழும்! நேரமில்லை என்று பேராசிரியர்தானே அவற்றை அடக்குவார்! சிரிப்பை மட்டும்தான் அவர் கணக்கில் வைத்திருந்தார்.

முதல் வரிசையைப் பார்த்தார். அந்த அம்மாள் உதட்டைக் கடித்தபடி கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது இருவர் கண்களும் சந்தித்தன. பேராசிரியர் லேசாகத் தலையசைத்தார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

அந்த அம்மாள் எழுந்தார்.

"சார், அவ்வளவு மரத்தைக் கடிச்சா கரையானுக்குப் பல்லு கூசாதா?"

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், அதுக்குப் பல்லே கிடையாதே, அப்புறம் எப்படி சார் கடிக்குது?"

அவ்வளவுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. துணைவேந்தரே மைக்கைக் கேட்டு வாங்கினார்.

கூட்டம் கலைந்து, வெளியே தேநீர் மேசைக்கருகே பேராசிரியர் அந்த அம்மாளைத் தேடிப் பிடித்தார். முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. மத்தவங்களுக்குக் கூச்சம் போகணும்னு தெரிஞ்சேதான் அப்படியெல்லாம் கேட்டீங்களா?"

அந்த அம்மாள் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரும் ஒரு தடவை இதே மேடையில பேசினாரு தம்பி. கேள்வி நேரத்துல ஒருத்தரும் வாய் திறக்கல. அதுக்கப்புறம் அவரு எந்த மேடையும் ஏறல."

"நீங்களாவது ஏதாவது கேட்டிருக்கலாமேம்மா?"

"எப்படிக் கேப்பேன்? 'எதுவும் கேட்டு என் மானத்தை வாங்கிடாதே'ன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தாரு."