ஐந்தாம் பதிப்பின் ஒரே வாடிக்கையாளர்

மேலாளர் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் பதிப்பு, நானூற்றுப் பத்து பேர். பதினொன்று, இருநூற்று அறுபது.

மேசையின் கடைசி நாற்காலியில் இருந்தவள் ஐந்துக்காகக் காத்திருந்தாள். அங்கே பூஜ்யம்தான் வரும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்கள் விற்பது, மற்ற மென்பொருள்காரர்கள் தங்கள் நிரலில் பொருத்திக்கொள்ளும் உதிரிப் பாகங்கள். காலண்டர், அட்டவணை, பொத்தான். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் புதிதாக வரும்போதெல்லாம் அத்தனையையும் அதற்கேற்ப மறுபடி கட்டி, தனி பேக்கேஜாக, புதிய எண்ணிட்ட பதிப்பாகப் போட வேண்டும். பழையதையும் மாதாமாதம் கட்டிப்போடாமல் விட முடியாது. பழைய கம்பைலரிலேயே காலம் தள்ளுகிறவர்கள் இருப்பார்கள்.

மாதம் ஒருவராவது இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் அந்தப் பதிப்பு நீடிக்கும். ஒருவரும் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். அலுவலகச் சட்டம் அது.

ஐந்தாம் பதிப்பு மூலை அறையிலிருக்கும் பழைய கணினியில்தான் கட்ட முடியும். அந்தக் கணினி அவள் பேச்சைத்தான் கேட்கும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே அஞ்சாம் நம்பர் அக்கா.

ஐந்து போனால் அறை போகும். அறை போனால், ஐம்பத்து மூன்று வயதில் அவளை அங்கே வைத்துக்கொள்ள யாருக்கும் ஒரு காரணமும் இருக்காது.

மூன்று வருடமாக அந்த ஒருவர் அவள்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போவாள். அங்கிருக்கும் கணினியில், தங்கை கணவரின் பெயரில் இறக்குவாள். திறந்துகூடப் பார்க்கமாட்டாள். மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள்.

இந்த மாதம் செய்யவில்லை. மறந்துபோய் அல்ல. பட்டன் வரை போய், கையை எடுத்துவிட்டாள். தனக்குத்தானே வாடிக்கையாளராக இருப்பது திடீரென்று வெட்கமாக இருந்தது. வருவது வரட்டும் என்று எழுந்தபோது உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. அந்த லேசு பேருந்து நிறுத்தம் வரைக்கும்தான் தாங்கியது.

"ஆறு, ஒம்போது பேரு. அஞ்சு..." மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒண்ணு. அக்கா, உங்க ஆளு இந்த மாசமும் விடல பாத்தீங்களா? எப்பதான் மாறித் தொலைவாராம்?"

"இவ்வளவு விசுவாசமான மனுஷன் எங்க இருக்காருன்னு சொல்லுங்கக்கா," என்றாள் பக்கத்திலிருந்த கணக்குப் பெண். "என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

மூலை அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படியென்றால் நிஜமாகவே ஒருவர் இருக்கிறார். புதிதாக யாரோ பழையதைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கேயோ ஒரு கிடங்கில், தூசி படிந்த கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, இது எங்கே கிடைக்கும் என்று அலைந்துவிட்டு.

முகம் தெரியாத அந்த ஆளின் மேல் அவளுக்குக் கண்மூடித்தனமான பிரியம் வந்தது. அவருக்குப் போன சரக்கு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட நினைத்தாள்.

சரியாக இல்லை.

பேக்கேஜின் பெயரில் கை வைக்கவே கூடாது. பதிப்பு எண் வாலில் தானாகச் சேர்ந்துகொள்ளும். பெயர் மாறினால், அந்தப் பெயரைச் சொல்லித் தேடும் மற்ற பேக்கேஜ்கள் அதைக் கண்டுபிடிக்காமல் அப்படியே நின்றுவிடும். இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம் தெரிந்துகொள்கிற விஷயம். இந்த மாதம் எந்த நினைப்பில் இருந்தாளோ, தன் கையாலேயே பெயரோடு ஓர் ஐந்தைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். கணினி தன் பங்குக்கு இன்னோர் ஐந்தைப் போட்டிருக்கிறது.

காலண்டர்55.

உலகத்தில் எந்தக் கணினியிலும் இது பொருந்தாது. மூன்று வாரமாக இப்படியே கிடக்கிறது.

பொத்தானின் நிறம் ஒரு சாயல் வெளுத்தாலே நான்கு பக்கத்துக்குத் திட்டி எழுதுகிறவர்கள் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். இவரிடமிருந்து ஒரு வரி இல்லை.

இறக்கியவர் திறந்தே பார்க்கவில்லை.

அந்த மாதிரி வாடிக்கையாளரை அவளுக்கு நன்றாகவே தெரியும். முதலில் தங்கையோ என்று நினைத்தாள். ஆனால் தங்கையிடம் அவள் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. வேறு யாரிடமும்தான்.

பெயரைத் திருத்தினாள். மறுபடி கட்டினாள். மேலே ஏற்றியதும், திருத்தம் வரும்போதெல்லாம் கேட்பது போலவே திரை கேட்டது: ஏற்கெனவே பெற்றுக்கொண்டவருக்குத் தகவல் அனுப்பலாமா? அவர் யார் என்று அது சொல்லாது. அதற்கு அனுப்பத்தான் தெரியும்.

அனுப்பு என்பதைத் தொட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேலாளரின் மேசைமேல் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது.

அவர் எடுத்துப் படித்தார். ஒரு வரிச் செய்திக்கு அது அதிக நேரம். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமல், மூடிவைத்த பட்டியலை மறுபடி விரித்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.