கிரீம் பன் வருஷம்

“எல்லாம் அருமையா இருக்கும்மா. இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடு.”

சொன்னவர் பேக்கரிக்காரர். வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரில் ஊர்க் கடைகளின் வரலாறு முழுக்க வருகிறது. கடை கடையாக ஏறி இறங்கி அதை எழுதியவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அச்சடிப்பதும் அவள் பிரஸ்தான்.

“எந்தப் பக்கம், தலைவரே?”

“உனக்கே தெரியும்.”

தெரியும். ஸ்கூல் விளையாட்டு விழாவுக்கு அவர் கடையிலிருந்து போன கிரீம் பன்னைத் தின்று, நாற்பத்தொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை.

“அதை எடுக்க மாட்டேன்.”

“முப்பது வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?”

“ஜவுளிக்கடை அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு நடுவுல சுவர் எழுப்பினதை எழுதியிருக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம் ‘ஒரிஜினல் கடை’, இந்தப் பக்கம் ‘அசல் கடை’ன்னு போர்டு வச்சதையும் எழுதியிருக்கேன். அவங்க படிச்சுட்டு சிரிச்சாங்க. தலைவர் கடைன்னா மட்டும் விட்டுடணுமா?”

“என் கடையை என்ன வேணா எழுதிக்கோ. அந்த வருஷம் மட்டும் வேண்டாம்.”

“அந்த நாற்பத்தொண்ணுல நானும் ஒருத்தி. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தினாங்க. ‘வாந்தி பேக்கரி’ன்னு பேர் வச்சதே எங்க மூணாங் கிளாஸ்தான்.”

“தெரியும். ரெண்டு வருஷம் கடை ஈ ஓட்டிச்சு. அதைத்தான் விலாவாரியா எழுதியிருக்கியே, போதாதா?”

“போதாது. ஏன் அப்படி ஆச்சுன்னு எழுதலை. அதையும் தேடி எடுத்துப் போடப்போறேன்.”

அவர் குரல் மாறியது.

“தேடாதே.”

அந்த ஒரு வார்த்தை போதாதா அவளுக்கு? மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, நேராக நகராட்சி சுகாதாரப் பிரிவில் போய் நின்றாள்.

“முப்பது வருஷத்துக்கு முந்தின ஃபைல் எல்லாம் இருக்காதும்மா,” என்றார் கிளார்க்.

“சரி. இருக்காதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

கையெழுத்துப் போடுவதைவிடத் தேடுவதே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாவியை எடுத்தார். மூன்று நாள் அவரோடு சேர்ந்து அவளும் தூசி தட்டினாள். நான்காம் நாள் ஃபைல் அகப்பட்டது.

சம்பவம் நடந்து நாலு மாதம் கழித்து வந்த ரிப்போர்ட். அதற்குள் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிட்டதால், யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஒரு காப்பி மட்டும் பேக்கரிக்குப் போயிருந்தது. பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்து ஓரத்தில் இருந்தது.

‘கடை சுத்தமாக உள்ளது. பன்னில் குறை இல்லை. வெளியில் வாங்கி உள்ளே வைத்த கிரீம் கெட்டிருந்தது.’

கிரீம் யாரிடம் வாங்கியது என்பது அடுத்த வரி.

அதை நின்றபடி ஒரு முறை படித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படித்தாள்.

“என்னம்மா, தண்ணி வேணுமா?” என்றார் கிளார்க்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். அன்று அவள் பிரஸ்ஸுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பேக்கரிக்குள் நுழைந்தபோது, அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“ரிப்போர்ட்டைப் படிச்சுட்டேன், தலைவரே. உங்ககிட்ட இருந்த காப்பியைக் கடை வாசல்ல ஒட்டியிருந்தா, ஒரே நாள்ல பேர் திரும்பியிருக்கும். ஏன் ஒட்டலை?”

அவர் கை நின்றது.

“இது எங்க அப்பா விட்டுட்டுப் போன கடை. கட்டடமும் சொந்தம். ரெண்டு வருஷம் ஈ ஓட்டினாலும் தாங்கும். கிரீம் கொடுத்தவங்க அப்படியா? புருஷனைப் பறிகொடுத்துட்டு, அப்பதான் ஒரு பால் கடை போட்டிருந்தாங்க. வீட்ல சின்னச் சின்னப் பிள்ளைங்க. இந்தப் பேர் அவங்க தலையில விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“அவங்க உங்களை ஒண்ணும் கேட்கலையா?”

“கேட்டாங்க. அன்னிக்கே பதறிப்போய் ஓடி வந்து, ‘என் கிரீமா?’ன்னு கேட்டாங்க. இல்லைம்மா, என் மாவுதான் பழசுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னிக்குக் காலையில இருந்து கரண்ட் இல்லை, வெயில் வேற. வேணும்னா செய்வாங்க?” கையைத் துணியில் துடைத்தார். “இப்பதான் தெரிஞ்சுபோச்சே. அந்தப் பக்கத்தை எடுத்துடும்மா.”

“எடுக்கலை. மாத்தி எழுதியிருக்கேன்.”

மை காயாத தாளை நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

‘பேக்கரியின் மேல் முப்பது வருடமாக இருக்கும் பழி தவறு. அந்தக் கிரீம் எங்கள் வீட்டில், என் அம்மா கையால் கடைந்தது.’

தாளை அவளிடமே திருப்பி நீட்டினார்.

“உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இந்த வயசுல, இந்த வரியை அம்மா பார்த்தா என்ன ஆகும்?”

“இதை அவங்க சொல்லச் சொல்லத்தான் எழுதினேன், தலைவரே.”