மூன்றாம் வீட்டு மாமனார்

வேப்பமரத்துக் காக்கைக்கு இறக்கையில் தீராத வாதம். நாளைக்கு நாலு தடவைதான் பறக்க முடியும். ஐந்தாவது தடவை பறந்தால் மறுநாள் கூட்டைவிட்டு எழவே முடியாது.

அன்று அமாவாசை. தெருவில் இருந்த ஏழு வீட்டு மொட்டைமாடியிலும் சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார்கள்.

"போன அமாவாசைக்கு ஏழு வீட்டுக்கும் போயிட்டு மூணு நாள் படுத்துக் கிடந்தியே, மறந்துடுச்சா?" என்றது பக்கத்துக் கிளை அணில்.

"மறக்கல. ஆனா நான் வாய் வைக்காம அவங்க சாப்பிடமாட்டாங்களே! சின்னப் புள்ளைங்க பசியோட நிக்குமே!"

"நீ படுத்துக் கிடந்தப்போ எந்தப் புள்ளை வந்து பார்த்துச்சு?"

காக்கை பக்கத்து வீட்டுக்கு மட்டும் பறந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளைக்குத் திரும்பியது. போக ஒன்று, வர ஒன்று.

மூன்றாம் வீட்டம்மா தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்கைக்கு மனசு கேட்கவில்லை. இறக்கையை விரித்தேவிட்டது.

அதற்குள் எங்கிருந்தோ முன்பின் தெரியாத ஒரு காக்கை வந்து அந்தச் சோற்றில் வாய் வைத்தது.

வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மாமனாரே வந்துட்டார்! எல்லாரும் இலை போட்டு உட்காருங்க!"

வேப்பமரத்துக் காக்கை விரித்த இறக்கையை மெதுவாக மடக்கியது.

"போன மாசம் என்னைப் பார்த்தும் இதையேதான் சொன்னாங்க."

"வருத்தமா இருக்கா?"

"அப்பாடான்னு இருக்கு," என்றது காக்கை. "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. வெயில் தாழட்டும், குளத்துல ஒரு முங்கு போட்டுட்டு வர்றேன்."