மூன்று கோழி, ஐந்து முட்டை

கூடையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் இரண்டு எட்டு தள்ளி நின்றார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

கூடைக்குள் ஐந்து முட்டை.

எங்களிடம் இருப்பது மூன்று கோழி. கறுப்பி, செம்பி, மொட்டைவால். குஞ்சாக வாங்கி வந்து, கொண்டை சிவக்கும்வரை தீனி போட்டு வளர்த்தாயிற்று. நேற்றுவரை மூன்றும் சேர்ந்து ஒரு முட்டைகூட இட்டதில்லை.

ஒரு கோழி ஒரு நாளைக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

ஐந்தில் இரண்டின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. பழுப்பு நிறம். ஓட்டில் லேசாகக் காய்ந்த எச்சம். ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வைக்கோல் துணுக்கு. கூட்டிலிருந்து எடுத்த முட்டை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மற்ற மூன்றும்தான் என்னை உறுத்தின.

அக்கா வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நகரத்தில் அவள் வீட்டு மாடி அறை எங்களுக்காகத் தயாராக இருக்கிறது. லிஃப்ட் ரிப்பேர் வேலையை உதறிவிட்டுக் காட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கு அத்தான் வேறு வேலையும் பார்த்து வைத்திருக்கிறார்.

“தின்னுட்டுத் தூங்குறதுக்கு உங்களுக்கு மூணு கோழி, கோழிங்களுக்குத் துணையா நீங்க ரெண்டு பேர். நான் வர்ற அன்னிக்கு ஒரே ஒரு முட்டையக் கண்ணுல காட்டு. இல்லேன்னா பேசாம பெட்டியக் கட்டிக்கிட்டு வண்டியில ஏறு” என்று போனில் சொல்லியிருந்தாள். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

அவள் வருகிற அந்த நாள்தான் இன்று. இன்றைக்கென்று பார்த்து ஐந்து முட்டை!

அந்த மூன்றில் வெள்ளையாக இருந்த இரண்டையும் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே சேறு. கோழி காலால் பட்ட சேறு இல்லை. சுவருக்குப் பெயிண்ட் அடித்த மாதிரி சுற்றிலும் ஒரே சீராகப் பூசிய சேறு.

ஒன்றில் ஒரு வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். அடியில் ஒரு சோற்றுப் பருக்கை.

எங்கள் கோழி எதற்கும் உடம்பில் ஒரு வெள்ளை இறகு கிடையாது.

கதவோரம் ஆணியில், விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் பேட்மிண்டன் மட்டை தொங்கியது. அதில் செருகியிருந்த இறகுப்பந்தில் ஓர் இறகைக் காணோம். கூண்டில் உதிர்கிற இறகையெல்லாம் விடிந்ததும் நானே பெருக்கித் தள்ளிவிடுவேன். பாவம், மனுஷர் இறகுக்கு எங்கே போவார்!

ஐந்தாவது முட்டை இன்னும் மோசம். எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. ஓட்டின் மேல் சிவப்பாக ஒரு கீற்று வேறு. எந்தப் புறாக்கூட்டில் கையை விட்டாரோ.

“அது தொட்டிக்குப் பக்கத்துல வெறுந்தரையில கெடந்துச்சு” என்றார், நான் கேட்காமலே.

தொட்டால் சூடாக இருந்தது. இவ்வளவு நேரமும் சட்டைப்பையில் வைத்திருந்திருப்பார். கூட்டுக்குள் வைக்கக்கூடப் பொறுமை இல்லை.

“நேத்து ஆணி வாங்கிட்டு வர்றேன்னு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனீங்களே. ஆணி எங்க?”

லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்ப்பவர் மாதிரி அவர் மேலே பார்த்தார்.

“ரெண்டுதாம்மா வெச்சேன்” என்றார் கடைசியில். “அந்த வெள்ளை ரெண்டும்தான். ஆனா காலையில போய்ப் பாத்தா நம்ம கோழிங்களே மூணு போட்டிருக்குதுங்க! சந்தோஷத்துல என்னோடத எடுக்க மறந்துட்டேன். பொண்ணு மேல சத்தியம்.”

மகள் மேல் அவர் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார். யார் மேல் செய்தாலும் அவள் மேல் மட்டும் செய்ய மாட்டார்.

சின்ன முட்டையை மறுபடியும் கையில் எடுத்தேன்.

பழுப்பு முட்டை இரண்டும் நேற்றுச் சாயங்காலம் பால்காரம்மா தன் வீட்டிலிருந்து வெறும் தூக்குவாளிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்து தந்தவை. எச்சம் பூசியது நான். வைக்கோல் ஒட்டியது நான். காலையில் தண்ணீர் ஊற்றப் போனபோது ஓரக் கூட்டில் புதைத்து வைத்ததும் நான்தான்.

வந்த நாளிலிருந்து இந்த இடத்தைப் பற்றி நான் புலம்பாத நாள் இல்லை. பாம்பு, கொசு, கரண்ட் கிடையாது, கடை கிடையாது. புலம்புவது என் பழக்கம். திரும்பிப் போக வேண்டும் என்று எப்போதாவது சொன்னேனா? லிஃப்ட் வேலையில் இருந்த காலத்தைப் போல, அந்த மாடி அறையில் இவர் மறுபடியும் பேச்சில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

முட்டைகளைக் கையில் கொடுத்தபோது பால்காரம்மா ஏதோ சொன்னாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கோழியின் முதல் முட்டை சின்னதாகத்தான் இருக்கும், ரத்தக் கீற்றுகூட இருக்கும், கூடு தெரியாமல் கண்ட இடத்தில் இட்டு வைக்கும் என்று அவள் சொன்னது இப்போதுதான் உறைத்தது.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

நான்கு முட்டைகளை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

சின்ன முட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அக்கா இதை நம்ப மாட்டாள். என் கூடப் பிறந்தவள் ஆயிற்றே. அதனால் என்ன, கையில் வாங்கிப் பார்க்கட்டும். இன்னும் சூடு ஆறவில்லை.