கதிரும் காதும்

அயோவாவில் அறுவடை முடிந்த காலை. எங்கள் காபிக்கடைக் கண்ணாடியில் மக்காச்சோளத் தூசி மஞ்சளாய்ப் படிந்திருக்கிறது. "சோளக் கதிரு காது மாதிரி தண்டுல ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அதான் இங்கிலீஷ்ல காதுக்கும் கதிருக்கும் ஒரே பேரு, இயர்னு" என்கிறார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வெர்லின். காபி ஊற்றிக்கொண்டே, கடையில் வேலை பார்க்கும் அர்லிஸ், "இல்ல சார், ரெண்டுக்கும் வேர் வேற. கதிரோட பேரு கூர்மைங்கற பழைய சொல்லுலேருந்து வந்தது" என்கிறாள். "என் பள்ளிக்கூடத்துல பாதியில நின்னவ நீ, எனக்கே பாடமா?" இந்தக் கடையில் வாதத்தில் தோற்றவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் காபி ஊற்ற வேண்டும். தீர்ப்பு சொல்வது, கல்லாவுக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கும் தடித்த அகராதி. வெர்லின் புரட்டுகிறார். விரல் நிற்கும் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பென்சில் குறி இருக்கிறது. முந்தின பக்கத்திலும் இருக்கிறது, அதற்கு முந்தினதிலும். ஆள் வராத பதினோரு குளிர்காலங்களில் பக்கம் பக்கமாகப் படித்து அர்லிஸ் போட்ட குறிகள். காதுக்கு ஒன்று, கதிருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு பதிவுகளையும் அவர் உதடு அசையப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றுகிறார். அர்லிஸ் ஏப்ரனை அவிழ்த்து அவரிடம் நீட்டுகிறாள். அவருடைய நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு கோப்பையை முன்னால் தள்ளுகிறாள். "எனக்குச் சர்க்கரை வேணாம், சார்."