துர்நாற்றம்: இல்லை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கினால் என்ன பாதிப்பு வரும் என்று, நான்கு நாளாக அங்கேயே தங்கி வீடு வீடாகக் கேட்டுவந்தாள் சிவரஞ்சனி. சுற்றுச்சுவரை ஒட்டிய கடைசி வீடு நாகஜோதியுடையது.

"நாத்தம் அடிக்குதாக்கா?"

"அதெல்லாம் இல்ல தாயி. பிளான்ட் வந்த புதுசுலதான் கொடலப் பொரட்டுச்சு."

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். முதல் நாள் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டே திரிந்த சிவரஞ்சனிக்கும் இப்போது கைக்குட்டை தேவைப்படவில்லை. படிவத்தில் 'துர்நாற்றம்: இல்லை' என்று எழுதினாள்.

"செத்த இரு, காப்பி போடுதேன்." நாகஜோதி அடுப்படிக்குப் போய் லைட்டரை எடுத்தாள்.

சிவரஞ்சனியை அழைத்துப்போக ராஜபாளையத்திலிருந்து அப்போதுதான் வந்த டிரைவர் ரியாஸ், வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யக்கா, பத்த வைக்காதிய. வீடு பூரா கேஸ் நாத்தம்."

இரண்டு பெண்களும் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் அடிக்கலையே," என்றாள் சிவரஞ்சனி.