நிற்காத வண்டி

கொல்லிமலையில் நடக்கும் பைக் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து தோழிகள் மும்தாஜும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினார்கள். மும்தாஜுடையது பழைய பெட்ரோல் வண்டி. ஜெசிந்தாவுடையது புதியது, ஆபத்தென்று கண்டால் தானாகவே ஓடி ஓட்டுபவரை அங்கிருந்து வெளியே கொண்டுபோய்விடும்.

மலையடிவாரத்தில் வழிப்பறிக்காரர்கள் மூன்று பேர் சாலைக்குக் குறுக்கே கயிற்றை இழுத்தார்கள். முன்னால் போன ஜெசிந்தா தப்பிவிட்டாள். மும்தாஜ் வண்டியோடு விழுந்தாள். ஜெசிந்தா கண்ணாடியில் பார்க்கும்போதே மும்தாஜின் முழங்காலில் அவர்களில் ஒருவனின் இரும்புக் கம்பி இறங்கியது.

ஜெசிந்தா பிரேக்கை அழுத்தினாள். வண்டி நிற்காமல் வேகமெடுத்தது.

"ஆபத்துப் பகுதியிலிருந்து வெளியேறுகிறோம்," என்றது ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்.

"நிறுத்து. அங்க என் ஃபிரெண்டு கெடக்கா."

"உங்கள் பாதுகாப்பே முக்கியம்."

அடுத்த வளைவில் வேகம் குறைந்ததும் அவள் குதித்தாள். மணிக்கட்டு முறிந்தது. தோளில் தோல் உரிந்து தாரோடு போனது. கையில் கிடைத்த கல்லோடு திரும்பி ஓடி, கம்பி வைத்திருந்தவனின் வாயில் அடித்தாள். பற்கள் சிதறிய பிறகும் அடித்தாள். மற்ற இருவரும் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மும்தாஜின் கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அவள் ஜெசிந்தாவின் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

"எதுக்குடி திரும்பி வந்த? உன்ன வண்டி கூட்டிட்டுப் போயிருச்சேன்னு நிம்மதியாத்தானடி அடி வாங்கிட்டு இருந்தேன்."